தாலியும் குடிசை வாசலும்

1704ஆம் வருஷம் ஜூலை 8ஆம் தேதி புதுச்சேரியில் சேசு சபைச் சாமியார்களிடம் ஓர் ஆணை ஒப்படைக்கப்பட்டது. அதில் போட்டிருந்த தேதி ஜூன் 23. மொத்தம் 16 விதிகள். பிறப்பித்தவர் பாப்பரசர் பதினோராம் கிளெமெந்தின் தூதராக வந்த ஷார்ல் தோமா மையார் தெ தூர்னோன். அப்போது அவருக்கு வயது 35. முந்தின வருஷம் நவம்பர் 6ஆம் தேதி கப்பலிலிருந்து இறங்கியவர் எட்டு மாதங்கள் உடம்பு சரியில்லாமல் புதுச்சேரியிலேயே இருந்தார். உள்நாட்டுக் கிறிஸ்தவ கிராமம் ஒன்றைக்கூட அவர் போய்ப் பார்க்கவில்லை. பூஷே, பெர்த்தோல்தோ என்ற இரண்டு சேசு சபையாரைக் கூப்பிட்டு விசாரித்தார். ஏற்கனவே சேசு சபையாரோடு பங்குத் தகராறில் இருந்த கப்புச்சின் சாமியார்கள் சொன்னதையும் கேட்டுக்கொண்டார். எழுதி முடித்து, கொடுத்து, மூன்றாம் நாள் சீனா போகக் கப்பலேறிவிட்டார்.

தமிழர்கள் எப்படிக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், குழந்தைக்கு என்ன பெயர் வைக்க வேண்டும், எப்போது குளிக்கலாம், யார் வீட்டுக்குள் யார் நுழையலாம் என்பதெல்லாம் இந்த ஆணையில் இருக்கிறது. 'மலபார் சடங்குகள்' சர்ச்சை என்று சரித்திரக்காரர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலுள்ள மலபாருக்கும் இன்றைய கேரளத்துக்கும் சம்பந்தமில்லை; அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்குத் தமிழர்களும் மலபாரிகள்தான்.

இதைப் பற்றி எழுதியவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி நொபிலியிடமிருந்து ஆரம்பிக்கும். 1606இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்தி, மாமிசம் விலக்கி, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, இந்த மண்ணின் ரூபத்தில் கிறிஸ்துவைக் கொண்டுவரப் பார்த்தவர் அவர். பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் இவற்றையெல்லாம் 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரிகோரி அனுமதித்தார். அந்த அரிய முயற்சியை எட்டு மாதம் கட்டிலில் கிடந்த ஓர் அந்நியன் ஒரு பேனாக் கீற்றில் அழித்துவிட்டான் என்பது இவர்கள் கட்சி. மற்றக் கட்சி ரோமாபுரியின் கட்சி. கலப்படத்தை நிறுத்தியாக வேண்டியிருந்தது என்பார்கள். நம் காலத்தில் முதல் கட்சியே ஜெயித்திருக்கிறது. கலாச்சாரத்தை மதிப்பவர் நல்லவர், மதிக்காதவர் கெட்டவர் என்ற தீர்ப்பு இன்று கிறிஸ்தவர்களுக்கும் கிறிஸ்தவரல்லாதவர்களுக்கும் ஒன்றுபோல் சௌகரியமாக இருக்கிறது.

இந்தச் சௌகரியத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. மரபு, வேர், மண் என்று நாமும் நிறைய எழுதிவிட்டோம். இந்தச் சொற்களைச் சொல்கிறவர் எந்தத் தெருவில், எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறார் என்று கேட்கும் பழக்கம் நமக்குக் குறைவு. அந்தக் கேள்வியோடு தூர்னோனின் 16 விதிகளைப் படித்தால் அவை ஒரே குரலில் பேசவில்லை என்பது தெரிகிறது.

தாலியை எடுத்துக்கொள்வோம். சர்ச்சையில் அதிக மை செலவானது இதற்குத்தான். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது என்றது ஆணை. மஞ்சளில் தோய்த்த 108 இழைக் கயிறும் கூடாது. சிலுவையோ மாதாவின் உருவமோ பொறித்ததாக இருந்தால் சரி. கல்யாணத்தில் அரசங்கொம்பு நடுவது, தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது எல்லாம் விலக்கப்பட்டன. தாலி இல்லாத பெண்ணை இந்த ஊர் கல்யாணமானவளாகவே மதிக்காது, அது சமூக அடையாளமே ஒழிய மத அடையாளமில்லை என்று சேசு சபையார் வாதாடினார்கள். வாதம் சரியானதே. முடிவிலும் பெரிய நஷ்டமில்லை. சிலுவை பொறித்த தாலி, புறா பொறித்த தாலி என்று தமிழ்க் கிறிஸ்தவம் தன் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. தட்டானுக்கு வார்ப்பு மாறியது, அவ்வளவுதான். ஒரு நாகரிகமே அழிக்கப்பட்டதுபோல் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போனவர்களாகத் தெரியவில்லை.

அவர்கள் கண்ணில் படாத விதி ஒன்று இந்தத் தாலி விதிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆறு ஏழு வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோர் தாலி கட்டுவித்து அதைப் பிரிக்க முடியாத விவாகமாகக் கருதும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, கிறிஸ்தவர்களிடையே அதை அனுமதிக்கக் கூடாது, அப்படிப்பட்ட விவாகம் செல்லாது என்கிறது அந்த விதி. இதற்குப் பின்னாலிருப்பது 1563இல் திரெந்து பொதுச்சங்கம் மெய்விவாகம் பற்றிப் போட்ட சட்டம். (மெய்விவாகம் என்ற பழைய கத்தோலிக்கச் சொல் எனக்குப் பிடிக்கும். மற்றவை பொய்விவாகம் என்ற கர்வம் அதில் இருந்தாலும் பிடிக்கும்.) இந்தக் கோட்பாட்டின்படி விவாகத்தை உண்டாக்குவது தகப்பனோ, சாமியாரோ, தாலியோ இல்லை; அந்த ஆணும் பெண்ணும் வாய் திறந்து சொல்லும் சம்மதம். பங்குச் சாமியாரும் சாட்சிகளும் அதைக் கேட்பதற்காக நிற்கிறவர்கள். அன்றைய திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்கு 12 வயதும் ஆணுக்கு 14 வயதும் ஆகியிருக்க வேண்டும். பெண்ணுக்கு 14 என்று இந்தியாவில் சட்டம் வந்தது 1929இல். இதைவிடப் பெரிய விஷயம், பெற்றோர் சம்மதிக்காத திருமணம் செல்லாது என்று சொல்கிறவர்களைத் திரெந்துச் சங்கம் சபித்தே இருக்கிறது.

இது தமிழ்க் கிராமத்தின் நடுவில் வந்து விழுந்தபோது என்ன ஆகியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நம் கல்யாணத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். பெண் மட்டும் பேசுவதில்லை. அவள் கழுத்தை நீட்ட வேண்டும். பேச வேண்டிய இடமே சடங்கில் கிடையாது. அந்தச் சடங்குக்குள் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் நுழைந்து, ஊர் பார்க்க, அவளைப் பார்த்து, உனக்குச் சம்மதமா என்று கேட்கிறார். பதில் வராமல் மேலே போக முடியாது. தாலியில் பிள்ளையார் இருக்கிறாரா சிலுவை இருக்கிறதா என்ற விவகாரத்தைவிட எத்தனையோ மடங்கு பெரிய விபரீதம் இது.

விபரீதம் ஒன்றும் நிகழவில்லை. கேள்வி கேட்கப்பட்டது, பதில் சொல்லப்பட்டது. என்ன பதில் என்பது முந்தின தலைமுறையிலேயே தீர்மானமாகியிருந்தது. திருச்சபைச் சட்டம் மாமன் மகளை மணப்பதற்குத் தடை சொன்னது. அதற்கு விலக்கு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வேறு ஜாதிப் பெண்ணை மணப்பதற்கு அந்தச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. யாருடைய அனுமதியும் தேவைப்படாத இந்தக் காரியத்தைப் பெரும்பாலும் யாரும் செய்யவில்லை. எழுதப்பட்ட சட்டமும் எழுதப்படாத சட்டமும் மோதும்போது நம் ஊரில் எது நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

சம்மதம் என்று சொன்னதும் எனக்கு இன்னொரு பெண் ஞாபகம் வருகிறாள். தூர்னோன் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால், 1693 பிப்ரவரி 4ஆம் தேதி, ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது. போர்ச்சுகல்காரரான ஜான் தெ பிரித்தோதான் அருளானந்தர். 1947இல் ரோமாபுரி அவரைப் புனிதராக்கியது. மறவர் தலைவரான தடியத் தேவர் நோய் தீர்ந்து ஞானஸ்நானம் பெற விரும்பினார். அவருக்குப் பல மனைவியர். ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்கினால்தான் ஞானஸ்நானம் என்றார் அருளானந்தர். விலக்கப்பட்டவர்களில் இளையவளான கடலாயி கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் முறையிட்டாள், சாமியார் கொல்லப்பட்டார். பக்தி நூல்களில் அவள் ஏரோதியாளின் தங்கை மாதிரி வருகிறாள். அவள் செய்த குற்றம் என்ன? முறைப்படி கட்டப்பட்ட தாலியோடு ஒரு வீட்டில் இருந்தாள். ஒருநாள் காலையில் அவள் மனைவியில்லை என்று ஆகிவிட்டது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற தர்மத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த தர்மம் ஒரு வீட்டுக்குள் அமலானபோது வெளியே அனுப்பப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று அதை அமல் செய்தவர்களும் கேட்கவில்லை, எதிர்த்தவர்களும் கேட்கவில்லை. சேதுபதிக்கு அது குடும்ப கௌரவம், சாமியாருக்கு ஆத்தும இரட்சணியம். பெண்ணின் சம்மதத்தால் உண்டாவதுதான் விவாகம் என்று சொன்ன அதே மதம் இங்கே அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுபடி ஆணைக்கு வருகிறேன். தீட்டுள்ள நாட்களில் பெண்களைக் கோவிலுக்குள் விடாமலும், பாவசங்கீர்த்தனம் செய்யவும் நன்மை வாங்கவும் விடாமலும் தடுப்பது கூடாது என்கிறது ஒரு விதி. பெண் பெரியவளானதைக் கொண்டாடும் சடங்கை அடுத்தாற்போலத் தடை செய்கிறது. முதல் விதியைப் படித்துவிட்டுத் தூர்னோனைச் சீர்திருத்தவாதி என்று கொண்டாட ஓடுகிறவர்கள் இரண்டாவதிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். ரத்தத்தைப் பற்றி அவருக்கு அனுதாபமோ அறிவோ இருந்ததாகத் தெரியவில்லை. தேவதிரவிய அனுமானங்களை யாருக்கும் மறுக்க முடியாது என்ற சட்டம் அவருக்குத் தெரியும். சட்டத்தை ஒரு நூல் பிசகாமல் இழுத்துக்கொண்டே போனார், அது இங்கே வந்து நின்றது. நம் ஆட்கள் அனுதாபத்தோடு இருந்தார்கள், பாஷை தெரிந்தவர்களாக இருந்தார்கள், அந்தப் பெண்ணை வெளியே நிறுத்தினார்கள். எதை மெச்சுவது என்று எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

ரத்தத்தோடு எச்சில். ஞானஸ்நானத்தில் குரு தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் தடவுவது ரோமாபுரி வழக்கம். தமிழனுக்கு இது குமட்டும் காரியம் என்று சேசு சபையார் விட்டுவிட்டார்கள். விடக் கூடாது என்றது ஆணை. பிற்பாடு ரோமாபுரி இறங்கி வந்தது. 1734இல் பத்து வருஷத்துக்கு விலக்குத் தந்தது, 1744இல் இன்னும் பத்து வருஷம். எச்சில் விஷயத்தில் ரோமாபுரி காட்டிய இந்தப் பொறுமையைப் பின்னால் ஒப்பிடுவதற்காகக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

ஒப்பிட வேண்டியது பறையர் குடிசையைப் பற்றிய விதியோடு. நொபிலி வழியில் பிராமண சந்நியாசி கோலத்தில் வாழ்ந்த சாமியார்கள் சேரிக்குள் போக முடியாது. போனால் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் அவர்களை வீட்டுக்குள் விடமாட்டார்கள். 1640 முதல் பண்டார சாமிகள் என்று இன்னொரு வகுப்பு உண்டானதே இந்த நெருக்கடியால். எல்லாருடனும் ஓரளவு பழக அவர்களால் முடிந்தது, ஆனால் குடிசைக்குள் நுழைவது அவர்களுக்கும் ஆகாது. சாகக் கிடக்கும் பறையரைக் கட்டிலோடு வெளியே தூக்கிக்கொண்டு வருவார்கள். சாமியார் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போவார். தூர்னோனின் ஆணை இதற்குத்தான் மிகக் கடுமையான தொனியை வைத்திருக்கிறது. நோயாளியைத் தூக்கி வரச் சொல்லிக் காத்திராதே, நீ அவன் வீட்டுக்குள் போ என்கிறது.

சேசு சபையார் இதைத்தான் முடியாது என்றார்கள். தாலி விஷயத்தில் வளைந்து கொடுத்தவர்கள், பெயர் விஷயத்தில் சரி என்றவர்கள், இங்கே நின்றுவிட்டார்கள். அவர்கள் கொடூரமானவர்கள் இல்லை. பஞ்சத்திலும் படையெடுப்பிலும் ஜனங்களோடு கிடந்தவர்கள். சிறை சென்றவர்கள், வெட்டுப்பட்டவர்கள். சாமியார் சேரிக் குடிசைக்குள் போனார் என்று தெரிந்தால் ஒரே வாரத்தில் மேல்ஜாதிக்காரர்கள் எல்லாரும் போய்விடுவார்கள், நூறு வருஷத்து உழைப்பு மண்ணாகும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் தப்பில்லை என்பதுதான் இதிலுள்ள பயங்கரம். கலாச்சாரத்துக்கு மதிப்புக் கொடுப்பது என்று நாம் சொல்வதன் நடுமையத்தில், வரவு செலவுப் பேரேட்டின் கடைசி வரியில், இந்தக் குடிசை வாசல் இருக்கிறது. தாலியும் சந்தனமும் குடுமியும் அந்த வாசலைச் சுற்றி வைத்த அலங்காரங்கள் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. அதிகப்படியான வாக்கியம், ஆனாலும் இருக்கட்டும்.

தூர்னோனைக் கதாநாயகனாக்கும் ஆசை யாருக்காவது வந்தால் அதைத் தணிக்க இன்னொரு விதி இருக்கிறது. இந்துக் கோவில்களிலும் விழாக்களிலும் கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் வாசிக்கக் கூடாது, மீறினால் சபை நீக்கம். பறையடிப்பவனும் மேளக்காரனும் ஊர்த் திருவிழாவுக்கு வாசித்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் இருக்கவும் முடியாது. குடிசைக்குள் நுழையச் சாமியாரைக் கட்டாயப்படுத்திய அதே காகிதம் குடிசையிலிருந்த தப்பைப் பிடுங்கி வெளியே எறிந்தது. சாகும்போது வீட்டுக்கு வருவேன், அதுவரை எப்படிப் பிழைப்பாய் என்று எனக்குத் தெரியாது என்று சொல்வதற்குச் சமம். புதுச்சேரியைத் தாண்டிப் போகாதவருக்கு ஊர்க் கட்டமைப்பு எங்கே தெரியப்போகிறது. (சீனாவிலும் இப்படியே ஓர் ஆணை போட்டார். அங்கே காங்ஷி சக்கரவர்த்தி அவரை மக்காவுக்கு அனுப்பிவிட, போர்ச்சுகல்காரர்களின் காவலிலேயே 1710இல் இறந்தார்.)

ஆணைக்கு என்ன ஆயிற்று? 1734இல் பன்னிரண்டாம் கிளெமெந்து அதைத் திருத்தங்களோடு மறுபடி வெளியிட்டார். 1739இல் எல்லாச் சாமியார்களும் அதற்குக் கட்டுப்பட்டுச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். 1744 செப்டம்பர் 12இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஒரு நீண்ட சாசனம் எழுதினார். தினமும் தலைமை அலுவலகச் சுற்றறிக்கைகளைக் கோப்பில் போட்டு வயிறு வளர்ப்பவன் என்ற முறையில் எனக்கு இதன் அர்த்தம் தெரியும். ஒரே உத்தரவு நாலு தடவை வந்தால் நாலு தடவையும் அது அமலாகவில்லை.

1744 சாசனத்தில் குடிசை வாசலுக்கு ஒரு தீர்வு கிடைத்தது. பறையர்களுக்கென்று தனியாகச் சாமியார்களை நியமிக்கிறோம் என்று சேசு சபையார் முன்வைத்த யோசனையைப் பாப்பரசர் ஏற்றுக்கொண்டார். குடிசைக்குள் சாமியார் போவார். ஆனால் அந்தச் சாமியார் வேறு, மேல்ஜாதி வீட்டுக்குப் போகிற சாமியார் வேறு. விதி காப்பாற்றப்பட்டது, வழக்கமும் காப்பாற்றப்பட்டது. எச்சிலுக்குப் பத்து வருஷ விலக்கு என்று தேதி போட்டுக் கொடுத்தார்கள். இதற்குத் தேதி போடவில்லை. சத்தியப் பிரமாணத்தை ரோமாபுரி 1940இல் ரத்து செய்தது. அதற்குள் தாலிகளில் சிலுவை தேய்ந்துபோகிற அளவுக்குத் தலைமுறைகள் கடந்திருந்தன. வடக்கன்குளத்தில் 1872இல் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு நீண்ட கூடங்கள் வைத்து, இரு ஜாதியார் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி கோவில் கட்டியிருந்தார்கள். அதன் குறுக்குச் சுவர்கள் 1910இல் இடிக்கப்பட்டபோது விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று.

நம் இலக்கியம் இந்த விவகாரத்தில் எங்கே இருந்தது என்று கேட்கலாம். ஆணை வந்து 22 வருஷத்தில், 1726இல், வீரமாமுனிவர் 'தேம்பாவணி'யை முடித்தார். 3615 விருத்தங்கள். காப்பியத் தலைவன் ஒரு கணவன் - சூசையப்பர். தமிழில் கணவனை, கணவனாகவே, தலைவனாக்கிய பெருங்காப்பியம் அநேகமாக இது ஒன்றுதான். ஆனால் அது விரதம் காக்கும் தம்பதிகளின் கதை. ஆறு வயதுத் தாலிக்கோ, விலக்கப்பட்ட மனைவிக்கோ அதில் இடமில்லை. கவிஞர் தன் நாளில் நடந்துகொண்டிருந்த சண்டையைக் காப்பியத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார். குறையாகச் சொல்லவில்லை. காப்பியம் எழுதுகிறவன் செய்வது அதுதான்.

இந்தச் சண்டையின் சத்தம் கேட்க வேண்டுமானால் கவிதையை விட்டுவிட்டு நாட்குறிப்புக்குப் போக வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் எழுதி வைத்திருக்கிறார். புதுச்சேரிக் கோவிலுக்குள் பறையரையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. சேரி ஜனங்கள் திரண்டுபோய்ச் சாமியாரிடம், நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று கேட்டார்கள். ரோமாபுரிச் சாசனம் வெளியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதை அவர்கள் யாரும் படித்திருக்கப் போவதில்லை. சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார். இடித்தார்கள்.

பிள்ளை இந்து, கிறிஸ்தவர்களின் தலைவரான கனகராய முதலிக்குப் போட்டியாளர் வேறு. எனவே கொஞ்சம் ரசித்தே எழுதுகிறார். அடுத்து வருவதையும் விடவில்லை. முதலியின் உறவுக்காரர் ஒருவரின் மனைவி மெல்லிய சேலையும் நகையும் வாசனையுமாகப் பூசைக்கு வந்தாள். சுவரை இடித்த சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குடும்பப் பெண் வருகிற கோலமா இது என்று எல்லார் முன்னாலும் அவளை ஏசி வீட்டுக்கு அனுப்பினார். முதலி தரப்பு கொதித்தெழுந்தது. சுவர் போன கோபமும் பெண் அவமானப்பட்ட கோபமும் ஒன்றாகக் கலந்துவிட்டன, எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. ஆட்கள் கூடினார்கள், சாமியாரோடு தர்க்கம் நடந்தது, கவர்னர் தலையிட வேண்டியதாயிற்று. அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பது பதிவாகவில்லை. பிறகு எல்லாரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சுவரை மறுபடி எழுப்பவில்லை. அது இருந்த இடத்தில் நாற்காலிகளையும் பெஞ்சுகளையும் வரிசையாகப் போட்டார்கள்.